அவ்வை இல்லம் கண்ட அம்மையார்

பசித்தவர்க்கு உணவும் துணையற்றவர்க்கு நிழலும் அளிப்பதை அறத்தின் தலையாய கூறாகப் போற்றுவது தமிழ் மரபு. கணிகையர் குலத்து மாதவியின் மகளாகத் தோன்றிய மணிமேகலை, குலத்தொழிலை ஏலாது துறவு பூண்டாள். அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தாள். புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு சோழ மன்னனிடம் வரம் வேண்டிப் பெற்றாள். சீத்தலைச் சாத்தனார் காவியத்தில் படைத்துக் காட்டிய அப்பெண்ணின் வாழ்வை ஒத்ததொரு வாழ்வை, இருபதாம் நூற்றாண்டில் தமிழ் மண் கண்ணெதிரே கண்டது. அவ்வாழ்வுக்கு உரியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண்களுள் ஒருவர், சட்டசபையில் துணைத் தலைவராக வீற்றிருந்தவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர், அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர் என அம்மையாரை நாடு பலவாறு அறியும். இப்பெருஞ்செயல்களுக்கிடையே அவ்வை இல்லம் என்னும் எளிய நிறுவனம் சற்றே மறைந்து நிற்கிறது. ஆயினும் சட்டம் செய்து முடித்தபின் அறத்துக்கு எஞ்சியிருக்கும் கடமை யாது என்பதை அம்மையார் எவ்வாறு உணர்ந்தார் என அறிய விழைவோர்க்கு அவ்வில்லத்தின் வரலாறே வழிகாட்டுகிறது.

பிறப்பும் கல்வியும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராகத் திகழ்ந்த கல்வியாளர். தாயார் சந்திரம்மாள், கோயிலோடும் இசையோடும் தொடர்புடைய இசை வேளாளர் குலத்தவர். கல்வி தந்தைவழிச் செல்வமாக வந்தது. ஊரார் தாழ்வாகப் பேசிய குலப்பெயர் தாய்வழியாக வந்தது. இவ்விரண்டும் அம்மையாரின் வாழ்நாள் முழுவதும் உடன் நடந்தன.

பெண் குழந்தைக்கு எழுத்தறிவு போதும், பூப்பெய்தியபின் வீட்டின் உள்ளறையே போதும் என்று சமூகம் கருதிய காலம் அது. முத்துலட்சுமிக்கோ படிப்பில் தணியாத வேட்கை இருந்தது. பள்ளியை விட்டு நிற்க நேர்ந்தபோது தந்தையாரும் ஆசிரியர்களும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தனர். தனித் தேர்வராக மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதி அவர் வெற்றி பெற்றார். அடுத்து மகாராஜா கல்லூரியில் இடம் வேண்டியபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண் மாணாக்கர் மட்டுமே பயிலும் இடத்தில் வயது வந்த பெண் ஒருத்தி அமர்வதா என்று வினவினர் சிலர். அவர்தம் தாயின் குலத்தைச் சுட்டி மறுத்தனர் வேறு சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்புக்குச் செவிசாய்க்காது, 1904இல் சேர்க்கைக்கு இசைவளித்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று, மாணவர் கண்ணிற்படாதவாறு திரைக்கு இப்பால் அமர்ந்து அவர் பயின்றார் என்பர். கல்விக் கூடத்தின் கதவு தமக்கு எளிதில் திறக்கவில்லை என்னும் பட்டறிவு அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. கால் நூற்றாண்டு கழித்து, வேறு சில பெண்களுக்கு அதே கதவு அடைபட்டபோது அப்பட்டறிவு பயன் தந்தது.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றிப் பின்னர்த் தனியே மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தாம் மேற்கொள்ளும் பணிகளுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே அம்மையார் அம்மணத்துக்கு இசைந்தார். கணவர் அவ்வுறுதியை இறுதிவரை காத்தார். பிற்காலத்தில் அவ்வீடு பொதுவீடாக மாறியதற்கு அவருடைய பெருந்தன்மையும் காரணமாகும். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்னும் ஆண்மக்கள் இருவர் அவர்களுக்குப் பிறந்தனர்.

நோயின் வேரைத் தேடிய மருத்துவர்

மகப்பேற்று மருத்துவராகப் பணியாற்றியோர் அந்நாளில் சமூகத்தின் உள்ளறைகளைக் காணும் வாய்ப்புப் பெற்றனர். உடல் முதிராத பருவத்தில் கருவுற்ற சிறுமியர், போதிய உணவின்றிப் பெற்றெடுத்த தாயர், பிறந்த சில நாள்களில் மடிந்த மகவுகள் எனத் துயரத்தின் பல முகங்கள் அவர்கள் முன் வந்தன. அம்மையார் அத்துயரங்களை உடலின் நோயாக மட்டும் கருதவில்லை. குழந்தை மணமும் வறுமையும் கல்லாமையும் அந்நோய்களின் வேர்கள் என்பதைத் தெளிந்தார். 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் இணைந்து தொண்டாற்றத் தொடங்கியது இத்தெளிவின் பயனே. டாரதி ஜினராஜதாசர், மார்கரெட் கசின்ஸ், அன்னி பெசன்ட் ஆகியோர் முன்னின்று வளர்த்த அச்சங்கம் அம்மையாரைப் பொதுவாழ்வுக்குக் கொணர்ந்தது. அச்சங்கத்தின் ஸ்திரீ தர்மம் என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பையும் பின்னாளில் அவர் ஏற்றார்.

1923இல் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். தாம் கற்ற மருத்துவம் தம் உடன்பிறந்தாளைக் காக்கவில்லையே என்னும் வேதனை அவரை வாட்டியது. 1925இல் அரசின் உதவி பெற்று இங்கிலாந்து சென்று, மகளிர் நோய்களிலும் குழந்தை நோய்களிலும் மேற்பயிற்சி பெற்றார். 1926இல் பாரிசு நகரில் கூடிய அனைத்துலக மகளிர் மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்டார்.

சட்டசபையில்

சென்னை மாகாணப் பெண்கள் 1921இல் வாக்குரிமை பெற்றிருந்தனர். சட்டசபையில் உறுப்பினராகும் உரிமை 1926இல் கிட்டியது. மாதர் சங்கத்தின் பரிந்துரையை ஏற்று அரசு அம்மையாரை உறுப்பினராக நியமித்தது. 1927ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சபையினர் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தனர். உலக நாடுகளின் சட்டசபைகளுள் அப்பதவியை வகித்த முதற்பெண் என்னும் பெருமை அவரைச் சாரும்.

பெருமை ஒருபுறமிருக்க, அப்பதவியை அவர் யாருக்காகப் பயன்படுத்தினார் என்பதே கருதத்தக்கது. பள்ளி மாணவர்க்கு முறையான மருத்துவச் சோதனை வேண்டும், குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும், ஏழைப் பெண்குழந்தைகளுக்குக் கட்டணமற்ற கல்வி வேண்டும் என்று அவர் சபையில் வாதாடினார். மணவயதை உயர்த்தும் முயற்சிக்கு ஆதரவு திரட்டினார். பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் குறைந்த அளவு மணவயதை வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் அம்மையார் இடம்பெற்று, பெண்கல்வியின் தாழ்நிலையை நேரிற் கண்டறிந்தார். பெண்களை விலைப்பொருளாக்கும் விடுதிகளை ஒடுக்கும் சட்டம் 1930இல் மாகாணத்தில் உருவாவதற்கும் அவர் உழைப்புத் துணைநின்றது.

பொட்டும் நிலமும்

இவையனைத்தினும் கடினமானது தேவதாசி முறை ஒழிப்பு. இளஞ்சிறுமியைக் கோயிலில் இறைவன் பெயரால் பொட்டுக்கட்டி, மணவாழ்வுக்கு உரியவள் அல்லள் என ஆக்கிவிடும் வழக்கம் நெடுங்காலமாக நிலவியது. தொடக்கத்தில் இறைத்தொண்டும் ஆடல் பாடலும் அதன் அடிப்படையாக இருந்தன. காலப்போக்கில் செல்வரின் இன்பத்துக்குச் சிறுமியர் இரையாகும் நிலை பல இடங்களிலும் ஏற்பட்டது. தம் தாயின் குலம் பட்ட இழிவைத் தாமே உணர்ந்திருந்த அம்மையார், அவ்வழக்கத்தைத் தடுக்க அரசு முன்வர வேண்டுமென்னும் தீர்மானத்தை 1927இல் சபையில் கொணர்ந்து நிறைவேற்றினார்.

எதிர்ப்பு இரு திசைகளிலிருந்து வந்தது. பழைமை பேணுவோர் சமயத்தில் அரசு தலையிடலாகாது என்றனர். தேவதாசியருள் ஒரு சாராரோ சங்கம் கூடி, அரசுக்கு விண்ணப்பங்கள் விடுத்தனர். தாங்கள் கலைஞர்கள், விலைமகளிர் அல்லர் என்பது அவர்தம் வாதம். குலப்பெண்டிர்க்குக் கிட்டாத எழுத்தறிவும் சொத்துரிமையும் தங்களுக்கு இருந்தன, அவற்றைப் பறிப்பது எவ்வகையில் நீதியாகும் என்றும் அவர்கள் வினவினர். இவ்வினாவை எளிதில் புறந்தள்ளுதல் இயலாது. மறுபுறம், அதே குலச் சூழலில் வளர்ந்து அதன் கொடுமையை அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர், அம்முறையை வேரோடு களைய வேண்டுமென ஊர் ஊராகச் சென்று பேசினர். ஆகவே இதனைக் குலத்தார்க்கும் புறத்தார்க்கும் இடையே நிகழ்ந்த போராகக் கொள்ளாமல், ஒரே குலத்துப் பெண்கள் தம்முள் நிகழ்த்திய பெருவிவாதமாகவும் கொள்ளல் வேண்டும்.

பொட்டுக்கட்டும் வழக்கம் நீடித்தமைக்குப் பக்தி மட்டும் காரணமன்று. கோயில் பணிக்காக அக்குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. பணி செய்வார் இல்லையெனில் நிலமும் கைவிட்டுப் போகும். எனவே தலைமுறைதோறும் ஒரு மகளையேனும் பொட்டுக்கட்டினாலன்றி வீட்டில் அடுப்பெரியாது என்னும் நிலை இருந்தது. அறவுரையால் மட்டும் இதனை மாற்ற இயலாது என்பதை அம்மையார் நன்கறிந்தார். 1926ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொணர்ந்த திருத்தம் 1929இல் சட்டமாயிற்று. கோயில் பணி செய்தே ஆக வேண்டும் என்னும் கட்டினின்று அம்மானியங்கள் விடுவிக்கப்பட்டு, அப்பெண்களுக்கே உரியவை ஆயின. தாயின் பிழைப்புக்காக மகளைப் பலியிட வேண்டிய தேவையை அத்திருத்தம் குறைத்தது. பெண்ணின் வயிற்றுப்பாட்டையும் எண்ணிச் சட்டம் செய்த நுண்மை இதிற் புலனாகிறது.

பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் மசோதாவை அம்மையார் 1930இல் முன்வைத்தார். அதற்குள் உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் மூண்டது. காந்தியடிகள் கைதானதை எதிர்த்து அவர் தம் சட்டசபைப் பதவியைத் துறந்தார். மசோதா சட்டமாவதற்கு மேலும் 17 ஆண்டுகள் கடந்தன. 1947இல்தான் தடைச் சட்டம் நிறைவேறியது.

கதவைத் தட்டிய பெண்கள்

பதவியைத் துறந்த அந்த 1930ஆம் ஆண்டிலேயே அம்மையாரின் வாழ்வில் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. பொட்டுக்கட்டும் வாழ்வை விரும்பாத இளம்பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். கல்வி கற்க வேண்டும், நேர்மையான தொழில் செய்து பிழைக்க வேண்டும் என்பதே அவர்தம் விருப்பம். ஆனால் அவர்கள் தங்குவதற்கு நகரில் இடமில்லை. குலம் இன்னதென அறிந்ததும் மகளிர் விடுதிகள் அவர்களை ஏற்க மறுத்தன.

இந்நிகழ்ச்சியின் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தீய வழக்கத்தை விட்டு வெளியேறுக என்று மேடைகள் அப்பெண்களை அழைத்தன. அவ்வழைப்பை நம்பி வெளியே வந்தவர்க்கு ஒரு வாயிலும் திறக்கவில்லை. சீர்திருத்தத்தைக் கைதட்டி வரவேற்றோரும், தம் பெண்மக்கள் அருகில் அச்சிறுமியர் அமர்ந்து உண்பதை விரும்பவில்லை. அந்நிலையில் அவர்கள் திரும்பிச் செல்லக்கூடிய இடம் எதுவோ அதுவே அவர்கள் விட்டு வந்த இடம். தங்க இடம் கொடாதவழி, சட்டம் அவர்களை ஒரு துன்பத்தினின்று எடுத்து மற்றொரு துன்பத்தில் இட்டதாகவே முடிந்திருக்கும்.

அம்மையார் அப்பெண்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். பெற்ற மக்கள் வளர்ந்த வீட்டில் பெறாத மக்களும் வளரத் தொடங்கினர். இவ்வாறு முளைவிட்ட அறம் 1931இல் அவ்வை இல்லம் என்னும் பெயரோடு நிறுவனமாக உருப்பெற்றது.

அப்பெயரின் பொருத்தம் தமிழறிந்தார் உள்ளத்துக்கு உவகை தருவதாகும். அவ்வை என்னும் சொல் தாயையும் மூதாட்டியையும் குறிப்பது. அப்பெயர் பூண்ட சங்கப் புலவர், அரசவையில் அஞ்சாது பேசி, இரு வேந்தரிடையே தூது சென்றவர். அதே பெயரால் வழங்கும் பிற்காலத்து நீதிநூல்கள் தமிழ்க் குழந்தைகளுக்கு முதற்பாடமாக அமைந்தவை. மேலும், மணமும் குலமும் கேளாது அறிவு ஒன்றினாலேயே நாடு போற்றிய பெண்ணாக மக்கள் மரபு அவ்வையைக் காட்டுகிறது. தந்தை யார் எனச் சொல்ல இயலாமல் பள்ளி வாயிலில் தலைகுனிந்த சிறுமியர்க்கு, அவ்வையின் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளும் முகவரியை அப்பெயர் தந்தது.

இல்லம் வளர்ந்த வகை

ஆதரவற்ற குழந்தைகள், கணவனால் கைவிடப்பட்ட இளம்பெண்கள், கைம்பெண்கள், பெற்றோர் இருந்தும் வறுமையால் பள்ளி செல்ல இயலாத சிறுமியர் எனப் பலரும் அவ்வில்லத்தின் நிழலை நாடி வந்தனர். தேவதாசி குலத்துப் பெண்களுக்கென அரும்பிய இல்லம், சாதி சமயம் நோக்காது துணை வேண்டும் எல்லாப் பெண்குழந்தைகளுக்கும் உரியதாயிற்று. இவ்விரிவு தானே நிகழ்ந்ததெனினும் ஆழ்ந்த பயன் உடையது. ஒரு குலத்தார்க்கு மட்டும் எனத் தனி இல்லம் அமைத்திருந்தால், அவ்வில்லத்தின் பெயரே அச்சிறுமியர்க்குப் புதியதோர் இழிவுக்குறியாக அமைந்திருக்கும். பலரும் ஒருங்கே வாழ்ந்தமையால், யார் எவ்விடத்திலிருந்து வந்தவர் என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று.

அடையாற்றில் பெசன்ட் சாலையை ஒட்டி இல்லத்துக்கு நிலையான இடம் அமைந்தது. உணவும் உடையும் உறைவிடமும் அளிப்பதோடு அம்மையார் நின்றுவிடவில்லை. ஈகையை நம்பி வாழ்ந்த குழந்தை, வளர்ந்தபின்னும் ஈகையையே நம்பி நிற்பதை அவர் விரும்பவில்லை. ஆகவே பொதுக்கல்வியோடு தையல் முதலிய கைத்தொழில்களும் கற்பிக்கப்பட்டன. திறமையும் விருப்பமும் உடையோர் ஆசிரியப் பயிற்சிக்கும் செவிலியர் பயிற்சிக்கும் அனுப்பப்பட்டனர். நாளடைவில் இல்லத்தின் வளாகத்திலேயே பள்ளிகளும் ஆசிரியப் பயிற்சி நிலையமும் உருவாயின. சுற்றுவட்டாரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கு வந்து கல்வி கற்றனர். ஆதரவின்றி வந்து சேர்ந்த பெண்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் வெளியே சென்று, பிறர் குழந்தைகளுக்கு ஆதரவாயினர்.

இத்தகைய இல்லத்தை நடத்துவதில் உள்ள இடர்கள் வெளியார் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடுப்பு நாள்தோறும் எரிந்தாக வேண்டும். நன்கொடை நாள்தோறும் வருவதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வருவதும், உடை கிழிவதும், பள்ளிக்குப் பணம் கட்ட வேண்டியதும் முன்னறிவிப்பின்றி நேர்பவை. அம்மையார் மருத்துவத் தொழிலால் ஈட்டிய பொருளையும் தம் பெயருக்கு இருந்த மதிப்பையும் ஒருங்கே இல்லத்துக்குச் செலவிட்டார். செல்வர் வாயில்களுக்குத் தாமே சென்று பொருள் வேண்டினார். சட்டசபையில் துணைத் தலைவர் இருக்கையில் அமர்ந்தவர், பிறர் பிள்ளைகளின் சோற்றுக்காகப் பிறர் வாயிலில் நிற்பதை இழுக்காகக் கருதவில்லை. அமுதசுரபி வற்றாது சுரந்ததெனக் காவியம் பேசுகிறது. அவ்வை இல்லத்தின் பாத்திரத்தையோ நாள்தோறும் உழைப்பினால் நிரப்ப வேண்டியிருந்தது.

தீராத ஒரு வினா

அம்மையாரின் பணியை மதிப்பிடுவோர் ஒன்றை மறைத்தல் தகாது. அவ்வை இல்லம் சிறுமியரை ஏற்றது. கோயிலையே வாழ்வாகக் கொண்டு, ஆடலிலும் பாடலிலும் தேர்ந்து, நடுவயதைக் கடந்துவிட்ட பெண்களுக்கு அத்தகைய புகலிடம் எளிதில் அமையவில்லை. நிலம் பெற்றவர் சிலர். நிலமற்றோர் பலர். கோயில் வாயில் அடைபட்டது, அரங்கின் வாயிலும் அவர்க்குத் திறக்கவில்லை. 1930களில் சதிராட்டம் பரதநாட்டியம் என்னும் பெயரோடு புத்துயிர் பெற்றது. அவ்வை இல்லம் வளர்ந்த அதே அடையாற்றில் 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். உயர்குடி மகளிர் அக்கலையை மேடையேற்றினர். தஞ்சை பாலசரசுவதி போன்ற சிலர் நீங்கலாக, அக்கலையைத் தலைமுறைகளாகக் காத்த குடும்பத்துப் பெண்கள் மெல்ல மேடையை விட்டு அகன்றனர். இவ்விழப்பை அண்மைக்கால ஆய்வாளர் பலர் சுட்டிக்காட்டி, சீர்திருத்தத்தின் விலையை யார் செலுத்தினர் என வினவியுள்ளனர்.

கலையின் பெயரால் சிறுமியரின் உடல் விலைபேசப்படுவதைக் கண்ட மருத்துவர் அம்மையார். கலை காக்கப்படுமா, குழந்தை காக்கப்படுமா என்னும் தேர்வு தம்முன் நின்றதாக அவர் உணர்ந்தார். குழந்தையைத் தேர்ந்தார். அத்தேர்வினால் நேர்ந்த இழப்பை மறுத்தல் வரலாற்றுக்கு முரண். அவ்வாறே, வரலாற்றில் எத்துணையோ சீர்திருத்தக்காரர்கள் சட்டம் நிறைவேறியதும் தம் கடமை முடிந்ததெனக் கருதி இல்லம் திரும்பினர் என்பதையும் மறத்தல் ஆகாது. அம்மையாரோ, தம் சட்டத்தின் விளைவாகத் தெருவில் நிற்க நேர்ந்தவர்களைத் தம் இல்லத்துக்கே அழைத்து வந்தார். தம் செயலின் விளைவுக்குத் தாமே பொறுப்பேற்ற அந்நேர்மை போற்றுதற்குரியது.

நோயுற்றோர்க்கும் நிழல்

முதுமை அம்மையாரின் தொண்டைத் தளர்த்தவில்லை. தங்கையின் இறப்பு நெஞ்சில் விதைத்த எண்ணம் முப்பது ஆண்டுகள் காத்திருந்து பலித்தது. புற்றுநோயாளர்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்னும் விழைவை 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே அவர் வெளியிட்டிருந்தார். புற்றுநோய் வந்தவர் இறப்பது உறுதியாயிருக்க, அதற்கென மருத்துவமனை எதற்கு என்று அதிகாரத்தில் இருந்தோர் தயங்கினர். 1949இல் மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. 1952 அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள், 12 படுக்கைகள் கொண்ட எளிய மருத்துவமனையாக அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் தன் பணியைத் தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்து 2021இல் மறையும்வரை அந்நிலையத்துக்கே வாழ்வை ஈந்த டாக்டர் வி. சாந்தாவும் அதனைப் பெரும் ஆய்வு நிலையமாக வளர்த்தனர். பொருளற்ற நோயாளர் அதன் வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்படலாகாது என்னும் கோட்பாட்டில் அவ்வை இல்லத்தின் உயிர்மூச்சே ஒலிக்கிறது.

விடுதலைக்குப் பின்னர் அமைந்த மாநிலச் சமூகநல வாரியத்தின் முதல் தலைவராகவும் அம்மையார் பொறுப்பேற்றார். ஒரு வீட்டில் தாம் செய்து பார்த்த தொண்டினை மாநில அளவில் பரப்ப அப்பொறுப்பு வாய்ப்பளித்தது. இந்திய அரசு 1956இல் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1968ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள், 82ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள்களுக்கு முன்னர், அம்மையார் இயற்கை எய்தினார்.

நிறைவுரை

ஏழைத் தாய்மார்க்கு மகப்பேற்றுக் காலத்தில் நிதியுதவி வழங்கும் திட்டத்துக்குத் தமிழக அரசு அம்மையாரின் பெயரைச் சூட்டியது. 1980களின் பிற்பகுதியில் சில நூறு ரூபாயாகத் தொடங்கிய அவ்வுதவி, ஊட்டச்சத்துப் பொருள்களையும் உள்ளிட்டு 2018இல் 18,000 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. கருவுற்ற பெண் வயிறார உண்ண வேண்டும், பிறக்கும் மகவு நலமுடன் வாழ வேண்டும் என்று மகப்பேற்று விடுதிகளில் கவலையோடு நின்ற மருத்துவர்க்கு இதனினும் ஏற்ற நினைவுச்சின்னம் அமைதல் அரிது.

அடையாற்றில் அவ்வை இல்லம் இன்றும் நடைபெறுகிறது. தேவதாசி முறை சட்டத்தால் ஒழிந்து பல்லாண்டுகள் ஆயின. ஆயினும் பெற்றோரை இழந்த சிறுமியும், வறுமையால் கல்வியைக் கைவிட நேரும் சிறுமியும் அவ்வில்லத்தின் வாயிலுக்கு வந்தவண்ணம் உள்ளனர். அன்று குலத்தின் பெயரால் அடைபட்ட கதவு இன்று பொருளின்மையின் பெயரால் அடைபடுகிறது. கதவைத் தட்டும் கை ஒன்றே.

சமுதாயச் சீர்கேடுகளை எழுத்தாலும் பேச்சாலும் கண்டிப்போர் எக்காலத்தும் உளர். இலக்கிய அமைப்புகளும் மேடைகளும் அப்பணியைச் செவ்வனே ஆற்றி வருகின்றன. அம்மையாரின் வாழ்வு அவர்கள் முன் ஓர் உரைகல்லாக நிற்கிறது. சொல்லை நம்பித் தம் பழைய வாழ்வை விட்டு வருவோர்க்கு, சொன்னவர் வீட்டில் ஒரு பாயும் ஒரு வேளைச் சோறும் காத்திருக்க வேண்டும். அவை இருந்தமையால்தான் முத்துலட்சுமி அம்மையாரின் சட்டம் ஏட்டில் உறங்காது, சில நூறு பெண்களின் வாழ்வாக நடமாடியது. மணிமேகலை ஏந்திய பாத்திரமும் அவ்வையின் பெயரும் தமிழர்க்குப் பெருமை தருவன. அப்பெருமையைத் தமிழினம் தொடர்ந்து ஈட்டிக்கொள்வதற்குரிய வழியை அம்மையார் வாழ்ந்து காட்டிச் சென்றார்.